வைரஸ் புரதமும் எம்ஆர்என்ஏ ஆயுளும்: மேக்ரோபேஜ் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைரஸ் புரதம் உள்ள மேக்ரோபேஜில் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்) அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்துக்கான எம்ஆர்என்ஏ (மரபணுச் செய்தியைச் சுமக்கும் நகல்) பாதியாகிவிட்டால், உடனே "நிலைப்பு குறைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். படியெடுப்பு (டிஎன்ஏவிலிருந்து எம்ஆர்என்ஏ உருவாவது) குறைந்திருந்தாலும் இதே எண்தான் வரும். ஆக்டினோமைசின் டி சேர்த்து (வழக்கமாக மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம்) படியெடுப்பை நிறுத்தி, 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் செல்களை எடுங்கள். எம்ஆர்என்ஏ குறையும் வேகத்தைக் காட்டும் சிதைவு மாறிலியால் 0.693-ஐ வகுத்தால் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்). டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ வேகமாகச் சிதைவது. முதல் மாதிரியையே 2 மணி நேரம் கழித்து எடுத்தால் அளக்க எதுவும் மிஞ்சாது.

அதிகம் ஏமாற்றுவது, மாறாது என்று நம்பி அளவுகோலாக வைக்கும் ஒப்பீட்டு மரபணுதான். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் விஎச்எஸ், கபோசி சார்கோமா ஹெர்பிஸ் வைரஸின் சாக்ஸ், இன்ஃப்ளூயன்சாவின் பிஏ-எக்ஸ் ஆகிய மூன்று புரதங்களும் செல்லின் எம்ஆர்என்ஏக்களைப் பரவலாக வெட்டுகின்றன. வழக்கமான ஒப்பீட்டு மரபணுவான ஜிஏபிடிஎச்சை வைத்துச் சமன் செய்தால் அதுவும் டிஎன்எஃப்பும் சேர்ந்தே சரியும், விகிதம் அப்படியே நிற்கும், விளைவே இல்லை என்று தோன்றும். சாக்ஸுக்குத் தப்பிக்கும் ஐஎல்-6 எம்ஆர்என்ஏ (இன்னொரு அழற்சிப் புரதத்துக்கானது) இன்னும் மோசம்: கூடியதுபோல் தெரியும். செல்களை எண்ணி, உடைக்கும்போதே அளவு தெரிந்த அந்நிய ஆர்என்ஏவைச் சேர்த்து, அதைக் கொண்டு சமன் செய்யுங்கள். புரதம் கட்டும் ரைபோசோமில் உள்ள 18எஸ் ஆர்ஆர்என்ஏவும் உதவும். ஆனால் இரட்டை இழை ஆர்என்ஏவால் செல்லின் சொந்த ஆர்என்ஏ வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ் எல் விழித்திருந்தால் அதுவும் துண்டாகும். ஜெல்லில் ஓட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஆர்என்ஏஸ் எல் தானே எம்ஆர்என்ஏக்களையும் சிதைக்கும் என்பதால், அந்த மரபணு நீக்கிய செல்லில் சோதனையைத் திரும்பச் செய்யாமல் பழியை வைரஸ் புரதத்தின் மேல் போடுவது நியாயமில்லை.

ஈ. கோலையில் தயாரித்த புரதத்தை வெளியிலிருந்து சேர்ப்பவர்களுக்கு எண்டோடாக்சின் (அந்தப் பாக்டீரியாவின் உறையில் உள்ள நச்சு) பெரும் தொல்லை. அது பி38 என்னும் சமிக்ஞைப் பாதையைத் தூண்டி, டிஎன்எஃப் எம்ஆர்என்ஏவைச் சிதைக்கச் செய்யும் டிரிஸ்டெட்ராப்ரோலின் புரதத்தை முடக்கி, எம்ஆர்என்ஏவின் ஆயுளை நீட்டிவிடும். புரதத்தைக் கொதிக்க வைத்து ஒரு மாதிரி வையுங்கள்: விளைவு அப்படியே இருந்தால், கொதியைத் தாங்கும் எண்டோடாக்சின்தான் காரணம் என்று சந்தேகிக்க வேண்டும்.

சார்ஸ்-கோவ்-2இன் என்எஸ்பி1 புரதம் ரைபோசோமின் 40எஸ் அலகையும் அடைக்கும், எம்ஆர்என்ஏவையும் வெட்டச் செய்யும். புரத அளவு விழுந்ததை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. 124ஆம் ஆர்ஜினினையும் 125ஆம் லைசினையும் அலனினாக்கிய வடிவம் மொழிபெயர்ப்பை (எம்ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாவதை) தடுக்கும், ஆனால் வெட்டாது. அதை இணையாக வையுங்கள். விஎச்எஸ்ஸோ வைரஸ் துகளோடே உள்ளே வருவது. புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு போட்டாலும் வேலை செய்யும். அதற்கு விஎச்எஸ் மரபணு பழுதான வைரஸ்தான் ஒப்பீடு.

தொற்று விகிதம் செல்லுக்கு 1 துகள் என்றால், பாய்சான் கணக்குப்படி சுமார் 37% செல்களில் தொற்றே இருக்காது. அவற்றைப் பிரித்தெடுக்காமல் அளந்தால் வரும் அரை ஆயுள் இரு வகைச் செல்களின் கலவை.