பெட்டோஃபியைப் படிக்க ஒரு கோழியில் தொடங்குங்கள்

பெட்டோஃபி ஹங்கேரியின் புரட்சிக் கவிஞர் என்று கேள்விப்பட்டதும் பலர் நேராகப் புரட்சிப் பாட்டைத்தான் எடுப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் 'அம்மாவின் கோழி'யைத் தேடிப் பிடியுங்கள். (ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள், அதனால் 'பெட்டோஃபி ஷாண்டோர்' என்றும் தேடிப் பாருங்கள்.)

1848 பிப்ரவரியில் எழுதியது. கோழி வீட்டுக்குள்ளேயே வளர்கிறது, அங்கும் இங்கும் ஓடுகிறது, பெட்டிமேல் பறந்து ஏறுகிறது, யாரும் விரட்டுவதில்லை. கடைசியில் வீட்டு நாயைக் கூப்பிட்டு, அதன்மேல் வாய் வைத்துவிடாதே, அம்மாவுக்கு இருப்பது இது ஒன்றுதான் என்கிறார் கவிஞர். கசாப்புக் கடையும் விடுதியும் நடத்திய அப்பா நொடித்துப்போன குடும்பம் அது. கவிதைக்குள் குடியானவன் பேசுகிற மொழியைக் கொண்டுவந்ததுதான் இவர் செய்த முதல் புரட்சி என்பேன். அதனால் செந்தமிழாக அலங்கரித்த மொழிபெயர்ப்பு கிடைத்தால் தள்ளி வைத்துவிட்டு, எளிமையானதைத் தேடுங்கள்.

அப்புறம் 'தேசியப் பாடல்'. இதை மனதுக்குள் படித்தால் போதாது, வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் நாலு பேரோடு. ஒவ்வொரு பத்தியும் 'இனி அடிமைகளாக இருக்க மாட்டோம்' என்ற சத்தியத்தில் முடியும். கோழிக் கவிதைக்கு அடுத்த மாதமே, 1848 மார்ச் 15 அன்று, பெஸ்ட் நகரில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதி) பில்வாக்ஸ் காபிக் கடையிலிருந்து கிளம்பிய இளைஞர்கள் ஓர் அச்சகத்துக்குள் புகுந்து, தணிக்கை அதிகாரியின் அனுமதி இல்லாமலே இந்தப் பாட்டையும், தங்களை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசிடம் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளையும் அச்சடித்து, மழையில் நின்ற கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அந்த நாள் அங்கே தேசிய விடுமுறை.

'செப்டம்பர் முடிவில்' கவிதையைக் கடைசிக்கு வையுங்கள். 1847இல், கல்யாணமான அதே மாதம், கோல்டோ என்ற ஊரில் எழுதியது. பள்ளத்தாக்கில் பூ இன்னும் இருக்கிறது, மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. நான் செத்தால் வேறொருவனுக்காக என் பெயரை விட்டுவிடுவாயா என்று புது மனைவி யூலியாவிடம் கேட்கிறார்.

அந்தப் புரட்சி விடுதலைப் போராக மாறியது, 1849 ஜூலை 31 அன்று ஷெகெஷ்வார் என்ற ஊரில் நடந்த சண்டையில் பெட்டோஃபி காணாமல் போனார். வயது 26, உடல் கிடைக்கவே இல்லை. மறு வருடமே யூலியா மறுமணம் செய்துகொள்ள, ஊரே அவரைத் திட்டியது. அப்போது அவருக்கு வயது 21, கையில் இரண்டு வயதுகூட ஆகாத மகன். நீங்களும் திட்டுவதற்கு முன் 'செப்டம்பர் முடிவில்' கவிதையின் கடைசி வரிகளுக்குப் போய்ப் பாருங்கள். நீ கழற்றிய விதவை முகத்திரையை என் கல்லறையில் மாட்டு, இரவில் எழுந்து வந்து எடுத்துப் போய்க் கண்ணீரைத் துடைத்துக்கொள்வேன், அப்போதும் உன்னையே நேசிப்பேன் என்கிறார்.