ஜீப்பின் கூடுதல் விளக்குக்கும் வின்ச்சுக்கும் எர்த் கொடுக்கும் முறை

காட்டுப்பாதையில் ஓடும் ஜீப்பில் பொருத்திய கூடுதல் விளக்கு மங்கலாக எரிந்தால், விளக்கைக் குறை சொல்வதற்கு முன் எர்த் இணைப்பை, அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், சேஸிஸில் (வண்டியின் உலோகச் சட்டத்தில்) போல்ட் அமரும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் நுனியில் வளையமாக இருக்கும் ரிங் டெர்மினலை வைத்து இறுக்கிய பிறகு, சேற்றுநீர் புகுந்து துருப்பிடிக்காமலிருக்க மேலே கிரீஸ் பூசுங்கள். எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயரைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. பலர் சிக்கனம் பார்ப்பது இங்கேதான். சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்து மீட்கும் வின்ச், முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரைகூட மின்சாரம் இழுக்கும்; அதற்குச் சேஸிஸை நம்பாமல், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே தடித்த கேபிளை நேரடியாகக் கொண்டுசெல்லுங்கள். எர்த் ஒயரைக் கையால் இழுத்துப் பார்ப்பது சோதனையாகாது. விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால், 12 வோல்ட் வண்டியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.