புத்தகத்தை எழுதியது மனிதரா? வாங்கும் முன் பாருங்கள்

இணையத்தில் புத்தகம் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பதிப்பு ஆண்டைத்தான். கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். அதற்கு முன் அச்சானது என்றால் அநேகமாகக் கவலையில்லை. புது நூலா? சரி, ஆசிரியர் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஒரே மாதத்தில் பத்துத் தலைப்புகள், வேறெங்கும் ஒரு பேட்டிகூட இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மூலிகை, காட்டுக் காளான் நூல்களில் இது ரொம்ப முக்கியம். ஒரு தவறான வரி உயிரையே பறிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று அமேசான் 2023இல் பதிப்பிப்பவர்களிடம் கேட்கத் தொடங்கியது. ஆனால் அந்தப் பதிலை வாசகருக்குக் காட்டவில்லை. அமெரிக்க எழுத்தாளர் அமைப்பான ஆதர்ஸ் கில்ட், மனிதர் எழுதிய நூல்களுக்கு 2025இல் ‘ஹியூமன் ஆத்தர்டு’ முத்திரையைக் கொண்டுவந்தது. ஆங்கில நூல்களின் அட்டையில் அதையும் தேடுங்கள்.