பேச்சை ஒதுக்கிவிட்டுச் செயலை மட்டும் படியுங்கள்

கதையில் ஒருவரின் குணம் பிடிபடவில்லையா? அவர் பேசும் வரிகளைச் சற்று ஒதுக்கிவிட்டு, அவர் செய்வதைச் சொல்லும் வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படியுங்கள். பேச்சைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். “எனக்கு ஒன்றும் அவசரமில்லை” என்கிறாள் ஒருத்தி. ஆனால் தோள்பையை இறக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முறை கதவைத் திரும்பிப் பார்க்கிறாள். ‘அவள் பதற்றமாக இருந்தாள்’ என்று நல்ல எழுத்தாளர் பெரும்பாலும் எழுதமாட்டார். சொல்லும் செயலும் முரண்படும் இடத்தில்தான் நாம் ஊகிக்க வேண்டியது இருக்கிறது. தேர்வில் சான்று கேட்டால், அடிக்கோடிட்ட வரிகளையே எடுத்து எழுதிவிடலாம்.

விளம்பரம், தலையங்கம் என்றால் பெயரடைகளை அடித்துவிட்டுப் படியுங்கள். ‘நம்பகமான’, ‘தரமான’, ‘அனைவரும் விரும்பும்’ எல்லாம் போன பிறகு சரிபார்க்கக்கூடிய ஒரு தகவலாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் அங்கே வாதமே இல்லை.

நாடகத்துக்கு முதல் வழி உதவாது. அங்கே பேச்சே செயல். ‘நான்’ என்று தன் கதையைத் தானே சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. எந்தச் செயலைச் சொல்வது என்பதை அவரே தேர்ந்தெடுக்கிறார். அவர் சொல்லாமல் விட்டது எது என்று தேடுவதே மேல்.