எம்.டி. எமர்ஜென்சி பிராக்டிகலுக்குக் கடைசி மூன்று மாதம் எப்படிப் படிப்பது?

நைட் டியூட்டி முடிந்து வந்து, கண் எரிய எரியப் புத்தகத்தைத் திறந்து, அதன் மேலேயே தூங்கிப்போகிற பி.ஜி.க்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் படிக்க வரும் ஜூனியர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: வாயைத் திறந்து படியுங்கள்.

இந்தியாவில் நம் அவசர மருத்துவத் துறையைத் தனிச் சிறப்புத் துறையாக மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்தது 2009-ல்தான். அதனால் நம்மில் பலருக்கும் இன்னும் மெடிசின் வார்டுப் பழக்கம் போகவில்லை. பெயர், வயது, தொழில், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றுதான் கேஸைத் தொடங்குகிறோம். கேஜுவால்டியில் அப்படியா செய்கிறோம்? மூச்சுப் பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு. இவற்றைப் பார்த்து, கெட்டிருப்பதைக் கையோடு சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் கதை கேட்கிறோம். தேர்விலும் அந்த வரிசையிலேயே பேசுங்கள்.

இதற்குத் தினமும் அரை மணி நேரம் போதும். அன்றைய டியூட்டியில் பார்த்த ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். கூடப் படிப்பவர் எதிரே உட்கார்ந்து, போனில் ஐந்து நிமிடம் வைத்து, "பிரஷர் 70 ஆயிடுச்சு, இப்ப என்ன பண்ணுவ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். "அட்ரினலின் கொடுப்பேன்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். பெரியவருக்கு அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) என்றால் 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி., தொடையின் முன் வெளிப்பக்கத் தசையில், சரியாகவில்லையென்றால் 5 நிமிடத்தில் மறுபடியும். இவ்வளவும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

பாம்புக்கடியை மட்டும் தனியாக ஒரு வாரம் படியுங்கள். மாதிரித் தேர்வில் நான் தடுமாறியது அதில்தான். இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை செய்வேன் என்றேன். "எந்தக் குழாயில்?" என்றார் தேர்வாளர். லேபுக்கு அனுப்பும் பிளாஸ்டிக் குழாயைக் காட்டினேன். அதற்கு மேல் அவர் கேட்கவே இல்லை.

புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் வேண்டும். ரத்தம் உறையத் தூண்டுவதே அந்தக் கண்ணாடிதான். பிளாஸ்டிக்கிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ முடிவு தப்பாகிவிடும். 2 மி.லி. ரத்தம் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது. உறைந்திருந்தால் நிம்மதி என்று சொல்லிவிடாதீர்கள். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு, இமை தூக்க முடியாமல் வந்தால், நரம்பைத் தாக்கும் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அவருடைய ரத்தம் நன்றாகவே உறையும். விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றுதான். ஏன் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்: பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை.

பூச்சிமருந்து குடித்த கேஸில் முறிவு மருந்தான அட்ரோபினை 5 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது எல்லாருக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் மார்க் போகிறது. கண்பாவையைப் பார்த்து நிறுத்தாதீர்கள். நெஞ்சில் ஸ்டெத்தை வையுங்கள், நுரையீரல் தெளிய வேண்டும். இசிஜியில் நம் ஊருக்கென்று ஒன்று உண்டு: அரளி விதை. இதய மருந்தான டிஜாக்சின் அளவு மீறிய நச்சு மாதிரியே இதயத்துடிப்பு குறையும், ஹார்ட் பிளாக் வரும். நோயாளியின் பெயரை மறைத்துப் பத்து இசிஜி தாள்களாவது சேர்த்து வையுங்கள்.

தியரிக்கு நான்கு தாள்கள். பழைய கேள்விகளை எழுதிப் பார்த்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். லாக்புக்கை அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இங்கிலாந்தின் அவசர மருத்துவத் தேர்வான எம்.ஆர்.சி.ஈ.எம்.-மின் கடைசிக் கட்டமான ஓஸ்கி செய்முறைத் தேர்வில் உறவினரிடம் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. நம் தேர்வில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைப் பழகுங்கள். உட்கார்ந்து பேசுங்கள். "எங்களால் முடிந்ததைச் செய்தோம்" என்று இழுக்காமல், "உங்க அப்பா இறந்துட்டாரும்மா" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னபின் சும்மா இருங்கள். அந்த அமைதியைத் தாங்குவதுதான் கஷ்டம். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை புத்தகத்தை மூடிவிட்டு உயிர்காப்புச் சிகிச்சை நடக்கும் ரிசஸ் அறைக்குப் போங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பைப் பூட்டி பல்ப் எரிகிறதா பாருங்கள். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரில், ஷாக்கைத் துடிப்போடு இணைக்கும் சிங்க் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நேரத்தோடு போய்த் தூங்குங்கள்.