இளைஞர்களைப் படம் பிடிக்கும்போது: மாணவர் குறும்படங்களில் ஊடகக் கோட்பாடு எங்கே சறுக்குகிறது

மாணவர் குறும்படங்களில் கோட்பாடு பெரும்பாலும் கடைசி ஆளாகத்தான் வந்து சேர்கிறது. படம் எடுத்து, வெட்டி, இசை சேர்த்தாகிவிட்டது. படத்தோடு தர வேண்டிய விளக்கக் குறிப்பை எழுத உட்காரும்போதுதான் பாடப்புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். ‘இந்த லோ ஆங்கிள் (கீழிருந்து மேல்நோக்கிய) ஷாட் ஸ்டூவர்ட் ஹாலின் கோட்பாட்டைக் காட்டுகிறது’ என்பது போன்ற வாக்கியங்கள் அப்படித்தான் பிறக்கின்றன (ஹால் ஊடகச் சித்தரிப்புகளை ஆராய்ந்தவர்). எந்த ஷாட்டும் எந்தக் கோட்பாட்டையும் காட்டுவதில்லை. ஷாட்டைப் பார்த்து நாம் கேட்கும் கேள்விதான் கோட்பாடு. அதை ஷாட் பட்டியல் பென்சிலில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அப்போது அழித்து எழுதலாம். எடிட் முடிந்த பிறகு சமாளிக்க மட்டுமே முடியும்.

ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்போம். இரவு. பேருந்து நிறுத்தத்தில் ஒரு முதியவர் தனியாக நிற்கிறார். மூன்று இளைஞர்கள் வருகிறார்கள், ஒருவன் ஹூடியைத் தலைவரை இழுத்துவிட்டிருக்கிறான். முதியவர் பதறுகிறார், விலகி நடக்கிறார், அவர்கள் பின்தொடர்கிறார்கள். கடைசியில் அந்த ஹூடி பையன் அவர் தவறவிட்ட பணப்பையை எடுத்து நீட்டுகிறான். மொத்தம் 90 விநாடி, 14 ஷாட். ‘இளைஞர்களைப் பற்றிய தப்பெண்ணத்தை உடைத்துவிட்டோம்’ என்று குழு மனதார நம்புகிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். முதியவருக்கு 7 ஷாட், அதில் 4 க்ளோஸ்-அப். அவர் கண்ணிலிருந்து இளைஞர்களைப் பார்க்கும் ஷாட் 3. மீதமுள்ள 4 ஷாட்டும் இளைஞர்களுடையவைதான். ஆனால் அவற்றில் 3 ஷாட் தூரத்திலிருந்து, முதுகுப்பக்கமாக எடுக்கப்பட்டவை. ஹூடி பையனின் முகம் முதன்முதலாகத் தெரிவது 13ஆவது ஷாட்டில், 78ஆவது விநாடியில். அதுவரை பார்வையாளர் முதியவரின் பயத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். படம் ஓடுவதே அந்தப் பயத்தில்தான். இளைஞர் கூட்டம் என்றால் ஆபத்து என்று பார்வையாளர் முன்பே நம்பியிருந்தால்தான் கடைசித் திருப்பம் வேலை செய்யும். முடிவில் அவர் எடுத்துக்கொண்டு போவது ‘இந்தப் பையன் மட்டும் நல்லவன்’ என்ற விதிவிலக்கை. விதி அப்படியே இருக்கிறது.

இதைப் படப்பிடிப்புக்கு முன்பே பிடிக்க ஒரு தாள் போதும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி, நான்கு கட்டம்: யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார், ஷாட் எவ்வளவு நெருக்கம், யாருடைய குரல் தெளிவாகக் கேட்கிறது. நிரப்பிவிட்டுக் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன காட்சியில் 3ஆவது ஷாட்டை மட்டும் பையன் பக்கம் கொண்டுபோனால் என்ன ஆகும்? முதியவர் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பையன் கவனிக்கிறான். அவன் முகத்தில் 2 விநாடி நிற்கிறோம். அதற்குப் பிறகு கதை மாறிவிடுகிறது. பார்த்ததும் பிறர் பயப்படும் ஒருவனாக இருப்பது எப்படிப்பட்டது என்பதே படத்தின் பொருளாகிறது. கடைசித் திருப்பம் தேவையே இல்லாமல்கூடப் போகலாம்.

இங்கேதான் ஸ்டூவர்ட் ஹால் உண்மையில் கைகொடுக்கிறார். ஒற்றை வார்ப்பான சித்தரிப்புகளை எதிர்கொள்ள 1997இல் அவர் மூன்று வழிகளைப் பேசினார்: பிம்பத்தைத் தலைகீழாக்குவது, எதிர்மறை பிம்பத்துக்குப் பதில் நேர்மறை பிம்பங்களைச் சேர்ப்பது, பார்க்கும் முறையையே உள்ளிருந்து கேள்விக்குள்ளாக்குவது. மாணவர்கள் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். குடிக்கிற, திருடுகிற பையனை எடுத்துவிட்டு, மரம் நடுகிற, தேர்வில் முதலிடம் வாங்குகிற பெண்ணை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நேர்மறை பிம்பங்கள் எண்ணிக்கையில் கூடினாலும் எதிர்மறை பிம்பம் இடத்தைக் காலி செய்வதில்லை என்பதே ஹால் காட்டிய சிக்கல். நல்ல இளைஞர், கெட்ட இளைஞர் என்ற இருமை எதிர்வும் அப்படியே நிற்கிறது, தராசின் தட்டு மட்டும் மாறியிருக்கிறது. ‘பிரச்சினையாக இளைஞர்’, ‘கேளிக்கையாக இளைஞர்’ என்று இரண்டே வார்ப்புகளுக்குள் இளமை அடைபடுவதைப் பண்பாட்டு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1980களிலேயே சுட்டிக்காட்டினார். அவற்றோடு ‘சாதனையாளர்’ என்று மூன்றாவது வார்ப்பைச் சேர்ப்பதால் யாருக்கும் விடுதலை கிடைத்துவிடாது.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதனால் முழுப் பத்திகள் வீணாகின்றன. பதின்பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமான காலம் என்று 1904இல் எழுதியவர் உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால். ஊடகச் செய்தியில் அர்த்தம் எப்படிப் பதிக்கப்படுகிறது, எப்படி வாசிக்கப்படுகிறது என்று 1973இல் எழுதியவர் ஸ்டூவர்ட் ஹால். முதலாமவர் சொன்னதை இரண்டாமவர் பெயரில் போட்டால் வாதமே தலைகீழாகிறது. ‘கொந்தளிக்கும் இளைஞன்’ என்பது இயற்கை விதி என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியவர்களில் ஒருவர் முதலாமவர். இயற்கையாகத் தெரியும் எதையும் சந்தேகிக்கச் சொன்னவர் இரண்டாமவர்.

அளவு பொருந்தாத கோட்பாடுகள்

சட்டை அழகாக இருந்தாலும் அளவு பொருந்தவில்லை என்றால் போட முடியாது. ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னரின் ‘பயிரிடல்’ கோட்பாடு பல ஆண்டுகள் தொடர்ந்து, அதிகமாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்களின் உலகப் பார்வை மெல்ல மெல்ல எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியது. அதை வைத்து ‘எங்கள் 5 நிமிடப் படம் பார்வையாளர்களிடம் இளைஞர்களைப் பற்றி நல்லெண்ணத்தைப் பயிரிடும்’ என்று எழுத முடியாது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவின் போபோ பொம்மைச் சோதனைக்கும் இதே கதி. வன்முறைக் காட்சி பதின்பருவத்தினரைக் கெடுக்கும் என்பதற்கு அதை ஆதாரமாக வைக்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சோதனையில் இருந்தவர்கள் 72 மழலையர் பள்ளிக் குழந்தைகள், ஏறத்தாழ 3 முதல் 6 வயது. அவர்கள் பார்த்தது படத்தை அல்ல, நேரில் பொம்மையை அடித்த பெரியவரை. படத்தில் பார்த்த வன்முறை 1963ஆம் ஆண்டுச் சோதனையில்தான் வந்தது. அதிலும் பங்கேற்றவர்கள் சின்னக் குழந்தைகள்தான். பதினேழு வயதுப் பெண் ஒரு படத்தை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பதற்கு இதிலிருந்து நேரடிப் பாதை கிடையாது.

மூன்றாவது, ‘தார்மீகப் பீதி’, அதாவது ஒரு குழுவைச் சமூகத்துக்கே ஆபத்து என்று மிகைப்படுத்திப் பயப்படுவது. படத்தில் ஒரு கெட்ட பையன் இருந்தாலே இந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் எழுதியது ஒரு சங்கிலியைப் பற்றி. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் மாட்ஸ், ராக்கர்ஸ் என்ற இளைஞர் குழுக்களுக்கிடையே நடந்த சலசலப்பைப் பத்திரிகைகள் பெரிதாக்கின. மீண்டும் நடக்கும் என்று எதிர்பார்க்க வைத்தன. காவல்துறை, நீதிமன்றம், அரசியல்வாதிகள் எல்லாரும் அந்தப் பிம்பத்துக்கு எதிர்வினை ஆற்றினார்கள். தனி ஒரு படத்தில் இந்தச் சங்கிலி இருக்காது. ஆனால் கோஹன் சொன்ன ‘குறியீடாக்கம்’ உங்கள் உடை அலங்காரத்துக்கு நேராகப் பயன்படும். ஒரு உடை, ஒரு முடிவெட்டு, ஒரு வாகனம் ஆகியவை மெல்ல அபாயத்தின் அடையாளமாகிவிடுகின்றன. பிறகு அதை அணிந்தவர் எதுவும் செய்யாமலேயே குற்றவாளியாகத் தெரிகிறார். மேலே வந்த ஹூடி அதைத்தான் செய்தது. உடையைத் தேர்ந்தெடுக்கும் அன்றே ‘இது எந்த வேலையை எங்களுக்காக இலவசமாகச் செய்கிறது?’ என்று கேளுங்கள்.

நிறத்தோடு நின்றுவிடும் பார்த்

‘சிவப்பு ஆபத்தைக் குறிக்கிறது, கறுப்பு துக்கத்தைக் குறிக்கிறது’ என்று எழுதிவிட்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த்தை முடித்துக்கொள்கிறார்கள். பார்த் 1957இல் வெளிவந்த தன் நூலில் அலசிய ஒரு படம் தற்செயலாக ஓர் இளைஞனுடையதுதான். பிரெஞ்சு வார இதழ் ஒன்றின் அட்டையில், பிரெஞ்சு ராணுவச் சீருடை அணிந்த கறுப்பின இளைஞன் கண்களை உயர்த்தி வணக்கம் செலுத்துகிறான். முதல் தளத்தில் அவ்வளவுதான். இரண்டாவது தளத்தில் அந்தப் படம் ‘பிரான்ஸ் ஒரு மாபெரும் பேரரசு, அதன் பிள்ளைகள் நிறபேதமின்றி மனமுவந்து சேவை செய்கிறார்கள்’ என்கிறது. காலனி ஆதிக்கத்தின் வரலாறு படத்திலிருந்து ஆவியாகிவிடுகிறது. அந்த இளைஞனின் சொந்தக் கதையும் கூடவே போய்விடுகிறது.

ஆகவே பார்த்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இந்தப் பிம்பம் இயல்பாகத் தெரிய எந்த வரலாறு அழிக்கப்பட்டிருக்கிறது?’ என்பது. பள்ளி நேரத்தில் சுவரில் உட்கார்ந்திருக்கும் பையனைக் காட்டினால் பார்வையாளர் உடனே ‘சோம்பேறி’ என்று படித்துவிடுவார். அவனை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்களா, வேலைக்குப் போய்விட்டு வந்தானா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? இதில் ஒன்றையாவது ஷாட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்று யோசிப்பது, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று யோசிப்பதைவிட எவ்வளவோ மேல்.

திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வியின் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையும் இப்படித்தான் சுருங்கிப்போகிறது. ‘பெண்ணின் உடலைக் காட்டவில்லை, ஆகவே ஆண் பார்வை இல்லை’ என்கிறார்கள். அவர் பேசியது மூன்று பார்வைகள்: கேமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. பெண் முழுக்கை உடையில் இருந்தாலும், கதையை நகர்த்துபவன் ஆணாகவும் அவள் அவன் பார்ப்பதற்கென்றே சட்டகத்தில் நிற்பவளாகவும் இருந்தால் மல்வி சொன்னது அங்கே நடக்கிறது. நான்கு கட்டத் தாளில் ‘யார் பார்க்கிறார்’ என்ற கட்டம் அதற்காகத்தான்.

கதை அமைப்பை ஆராய்ந்த பிராப், டோடரோவ் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிராப்பின் 7 பாத்திர வகைகளும் 31 செயல்களும் 1928இல் ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து கண்டவை. 4 நிமிடப் படத்தில் ‘கொடையாளி (நாயகனுக்கு உதவிப் பொருள் தருபவர்) யார்?’ என்று தேடி அட்டவணையை நிரப்புவதால் எதுவும் தெரியவராது. கதை ஒரு சமநிலையில் தொடங்கி, குலைந்து, மீண்டும் ஒரு சமநிலைக்கு வருகிறது என்ற டோடரோவின் கருத்திலிருந்து ஒரு நல்ல கேள்வி மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஆரம்பத்தில் இருந்த சமநிலை யாருக்கு வசதியானது? வீட்டை விட்டு ஓடிய பெண் திரும்பி வந்ததும் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று படம் முடிந்தால், பெரியவர்களின் சமநிலையைத்தான் மீட்டுக்கொடுத்திருக்கிறோம்.

ஒலியும் ஒரு சித்தரிப்புதான்

கோட்பாட்டுக் குறிப்புகளில் கிட்டத்தட்ட யாருமே தொடாத இடம் இது. பெரியவராக நடிப்பவரைக் கௌரவமாக உட்கார வைத்து, சட்டையில் மைக் குத்திப் பதிவு செய்கிறார்கள். இளைஞர் கூட்டம் நடந்துகொண்டே பேசுகிறது. அது 3 மீட்டர் தள்ளியிருக்கும் கேமரா மைக்கில் பதிவாகிறது. எடிட்டில் பெரியவர் பேச்சு கணீரென்று கேட்கிறது, இளைஞர் பேச்சு இரைச்சலாகக் கேட்கிறது. அர்த்தத்தோடு பேசுபவர், சத்தம் போடுபவர்கள் என்ற பிரிவினை அங்கேயே வந்துவிட்டது, யாரும் திட்டமிடாமலேயே. மைக் ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது கூட்டத்தில் அதிகம் பேசுபவரிடம் போகட்டும். தாடைக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே குத்துங்கள், உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவர் பேச்சைப் பக்கத்தில் ஒரு போனை மறைத்து வைத்துக்கூட எடுத்துவிடலாம். எல்லா இடத்திலும் 30 விநாடி வெறும் சூழல் ஒலி எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர் வந்தவுடன் தாளக்கட்டான ராப் இசை, பெரியவர் வந்தவுடன் பியானோ என்ற பழக்கத்தையும் ஒரு முறை நிறுத்தி யோசியுங்கள்.

இதைவிடக் கவலைக்குரிய பழக்கம் ஒன்று உண்டு. போதைப்பொருள் பற்றிய பின்னணிக் குரலுக்கு அடியில், தெருவில் தற்செயலாகப் படம்பிடித்த உண்மையான இளைஞர்களின் முகங்களைப் போடுவது. அந்தக் குரலோடு அந்த முகம் சேர்ந்தவுடன் அது ஒரு குற்றச்சாட்டு. படம் இணையத்தில் ஏறிவிட்டால் அதைத் திரும்ப இறக்குவது உங்கள் கையில் இல்லை. நடிகர்களை வைத்து எடுங்கள், இல்லையேல் கால்கள், நிழல்கள், காலியான இடங்கள். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் பேட்டி கொடுத்தால் அவருடைய சம்மதமும் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். இறுதி வடிவத்தை வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

‘எதிர்ப்பு வாசிப்பு’ என்றால் பிடிக்கவில்லை என்பதல்ல

ஸ்டூவர்ட் ஹால் சொன்ன மேலாதிக்க வாசிப்பு (படம் சொல்வதை அப்படியே ஏற்பது), சமரச வாசிப்பு (ஓரளவு ஏற்று, ஓரளவு மாற்றிக்கொள்வது), எதிர்ப்பு வாசிப்பு மூன்றையும் மாணவர்கள் ‘பிடித்தது, ஓரளவு பிடித்தது, பிடிக்கவில்லை’ என்று மாற்றிவிடுகிறார்கள். எதிர்ப்பு வாசிப்பு செய்பவர் படம் சொல்ல வந்ததை நன்றாகப் புரிந்துகொண்டவர். புரிந்துகொண்டு, வேறொரு நிலையிலிருந்து அதை மறுக்கிறார். படம் புரியவே இல்லை என்றால் அது எதிர்ப்பு வாசிப்பு ஆகாது. ஒலியோ வெட்டோ தவறியிருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய முன்னோட்டக் காட்சியைச் சரியாக நடத்த வேண்டும். படக்குழுவில் இல்லாத 5, 6 பேரைக் கூப்பிடுங்கள். பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்களாக இல்லாதிருப்பது நல்லது. தலைப்பையோ கருவையோ முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். படம் முடிந்ததும் பேசவிடாமல் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: என்ன நடந்தது? படம் யார் பக்கம் நின்றது? அதை ஏற்கிறீர்களா, எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை? முதல் கேள்விக்கே பதில்கள் சிதறினால் எடிட்டுக்குத் திரும்புங்கள். முதல் இரண்டும் ஒத்துப்போய் மூன்றாவது மட்டும் பிரிந்தால், விளக்கக் குறிப்பில் எழுதுவதற்கான உண்மையான சரக்கு கிடைத்துவிட்டது.

‘நாங்களே இளைஞர்கள், ஆகவே எங்கள் சித்தரிப்பு உண்மையானது’ என்ற வாதத்தையும் இந்தத் தாள்கள் சோதித்துவிடும். பெரியவர்கள் தங்கள் ஆசைகளையும் அச்சங்களையும் நிரப்பிவைக்கும் வெற்றிடமாக ‘இளமை’ இருப்பதைக் கல்வியியல் ஆய்வாளர் ஹென்றி ஜிரூ எழுதியிருக்கிறார். அந்தப் பிம்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேமராவை எடுத்தாலும் முதலில் வருவது அதே பிம்பங்கள்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஷாட் பட்டியலை இரண்டாவது முறை எழுத வேண்டியதன் காரணம் அதுதான். வர்க்கமும் பாலினமும் வேறாக இருந்தால் அதே வயது எவ்வளவு வேறாகிறது என்பதையும் அந்த இரண்டாவது முறையில் பாருங்கள்.

விளக்கக் குறிப்பில் ‘க்ளோஸ்-அப் மூலம் ஹாலின் கோட்பாட்டைப் பயன்படுத்தினோம்’ என்பதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘முதல் வடிவத்தில் பையனின் முகம் 78ஆவது விநாடி வரை மறைந்திருந்தது. முன்னோட்டத்தில் 6 பேரில் 5 பேர் அவனைத் திருடன் என்று எதிர்பார்த்ததாக எழுதினார்கள். பயத்தை நாங்களே கட்டியிருந்தோம். 3ஆவது ஷாட்டை அவன் பார்வைக்கு மாற்றினோம். பிறகு பார்த்தவர்களில் 4 பேர் முதியவர் பையை இறுக்கிய தருணத்தையே படத்தின் மையமாகக் குறிப்பிட்டார்கள்.’ எண்கள் உங்கள் படத்துக்கு ஏற்ப மாறும். ஹாலின் பெயர் இதற்கு அடுத்த வரியில் வந்தால் போதும்.