பக்கியில் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா?

டர்பன் பக்கம் பக்கி (பின்னால் சுமை ஏற்றும் பிக்கப் வண்டி) ஓட்டுகிறவர்களே, ஏபிஎஸ் என்பது பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு. அதன் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் பெரும்பாலும் சக்கரத்தருகே உள்ள வேக சென்சாரில்தான் கோளாறு. மண்சாலைச் சேறு படிந்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கடற்காற்றில் துரு ஏறியிருக்கலாம். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் சட்டென்று அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். பின்னால் சுமை இல்லாத பக்கி என்றால் மழையில் இன்னும் ஆபத்து. இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டி, சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு சேர்ந்து எரிகிறதா? டர்பன் அருகே உள்ள ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி செங்குத்தான இறக்கத்தில் தயவுசெய்து இறங்காதீர்கள். ஓரமாக நிறுத்தி உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

அப்புறம், பழைய பக்கி வாங்கும்போது சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.